சேதாரம்

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
வெள்ளியை நிறுத்துத் தருவார்கள்.
அக்கரையில் என் வீட்டில்
பொடி வைத்து ஊதி, முத்துக் கோத்து
சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்தால்
மறுபடி நிறுப்பார்கள்.
இரண்டு எடைக்கும் நடுவில்
இந்தப் பாலம்.

அறுபத்திரண்டு தப்படி.
மூச்சை அடக்கிக்கொண்டு கடப்பதால்
எண்ணுவதற்குத் தோதாக இருக்கிறது.
பள்ளிக்கூட ஆட்டோவில் பிள்ளைகள்
மூக்கைப் பிடித்துக்கொண்டு போகும்,
யார் முதலில் விட்டது என்று
அந்தப் பக்கம் போய்ச் சண்டை.
இருசாயி தட்டுவடை வண்டியை
மேடேறித்தான் போடுவாள்.
பூட்டு ரிப்பேர் சையத் பாய் மட்டும்
நடுப்பாலத்தில் குந்தியிருப்பார்,
அங்கே யாரும் வாடகை கேட்பதில்லை.

கீழே யாரும் பார்ப்பதில்லை.
பார்த்தால் தறிக்காரர்களுக்கு
என்ன ஆர்டர் என்று சொல்லிவிடலாம்:
ஒரு வாரம் அரக்கு,
ஒரு வாரம் மயில்கழுத்து.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை
ராத்திரி முழுக்க ஏற்காட்டில் கொட்டியிருக்கிறது.
காலையில் பாலத்தில் ஒரு பஸ்ஸும் நகரவில்லை.
யார் அடிபட்டார்களோ என்று நெருங்கினால்
அத்தனை பேரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தண்ணீர்.
மலையின் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு,
காய் பிடித்த ஒரு காப்பிக் கிளை,
ஒற்றைச் செருப்பு,
தூணைச் சுற்றிச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் குடம்.
கண்டக்டர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு
ஊத மறந்து நிற்கிறார்.
ஒருவர் கையும் மூக்கில் இல்லை.
ஆட்டோப் பிள்ளை ஒன்று கேட்டது:
"இது எப்ப வந்துச்சு?"

நானும் எட்டிப் பார்த்தேன்.
பை சாய்ந்துவிட்டது.
சத்தம் போடுவதற்கென்றே செய்த முத்து,
விழுந்த சத்தமே கேட்கவில்லை.

திருமணிமுத்தாறு.
பேரிலேயே மணியும் முத்தும் வைத்திருக்கிறாய்,
என்னுடையது எதற்கு உனக்கு?

தராசில் நாலு கிராம் குறைந்தது.
"எங்கம்மா விட்டே?" என்றார் கணக்குப்பிள்ளை பெரியண்ணன்.
ஆத்துல, என்றேன்.
நோட்டில் எழுதிக்கொண்டார்:
சேதாரம் 4, ஆறு.

சனிக்கிழமை கூலி போட்டது வேறு பையன்.
நாலும் ஆறும் கூட்டி
பத்து கிராம் பிடித்துவிட்டான்.

நின்று சண்டை போட்டு
ஆறைத் திரும்ப வாங்கினேன்.
நாலு, ஆற்றோடு போனது போனதுதான்.

திங்கட்கிழமை பாலத்தில்
பதினெட்டாவது தப்படியில் நின்று
ஒரு தடவை கீழே பார்த்தேன்.
அரக்கு.
யாருக்கோ தையில் கல்யாணம்.