மடிப்பு மேசை

சென் தெனி ஆஸ்பத்திரியின் நிலவறையில்
இரவு பதினொன்றுக்கு நாங்கள் மூன்று பேர்,
நானூற்றிருபது விரிப்புகள்.

கிஸ்லேனின் நெஞ்சுப்பட்டையில் 'மினாச்சி' என்றிருக்கும்.
இரண்டு மாதம் அதைப் பிரெஞ்சாகவே வாசித்தேன்.
ஒருநாள் நீராவியில் எழுத்துகள் ஊறி
மீனாட்சி எழும்பி நின்றாள்.

சொன்னேன். சிரித்தாள்.
"கரும்பு வெட்ட வந்த யாரோ ஒருத்தி.
கப்பலால் இறங்கியவளிடம்
கிளாக்கர் பெயரைக் கேட்டிருக்கிறான்,
ஊரைக் கேட்கவில்லை.
மற்ற ஏழு பக்கமும்
பெயரே கேட்கப்படாதவர்கள்.
விடுதலை வந்த வருஷம் இன்னொரு கிளாக்கர்
ஒரே காலையில் நூறு பேருக்குப் பெயர் வைத்தானாம்.
களைத்துப்போய், கடைசி இருபது பேருக்கு
முதலில் வைத்ததையே
பின்னிருந்து முன்னாக எழுதிக் கொடுத்தானாம்."

ஜெனெபா எதிர் முனையை இழுத்துப் பிடித்தாள்.
அவள் சொனின்கே. மாலியில், செனகல் ஆற்றோரம்.
பதினாறு தலைமுறையை
மூச்சு விடாமல் சொல்லுவாள்.
"உன்னை விற்றதே எங்கள் ஆட்கள்தானோ என்னவோ"
என்று பகிடியும் விட்டாள்.
அதற்குப் பிறகு
நாலு விரிப்புக்குச் சத்தமில்லை.

"நான் ஆப்பிரிக்கக்காரி இல்லை" என்றாள் கிஸ்லேன்.
"குவாதலூப். கணக்குப் பார்த்தால்
நீஸ் நகரத்தவரைவிடப் பழைய பிரெஞ்சு."

கார் து நோரில் பொலிஸ்காரன்
அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.
இருவரின் பையையும் கவிழ்த்தான்.
என்னை, "நீங்கள் போங்கள், மதாம்" என்றான்.
நான் போனேன்.

இந்த நாட்டுப் பாரங்களில்
நிறத்துக்குக் கட்டமில்லை.
மேற்பார்வையாளன் மட்டும்
'நுவார்' என்று சொல்ல நாக்குக் கூசி
இங்கிலீஷில் 'பிளாக்' என்பான்,
கடன் வாங்கிய கைக்குட்டையால்
வாயைத் துடைப்பவன்போல.

"உங்கள் மொழியில் எங்களை என்னவென்று சொல்வீர்கள்?"
ஜெனெபா சும்மாதான் கேட்டாள்.

லா ஷப்பேல் கடைகளில்,
கலியாண மண்டபத்தில்,
என் தம்பியின் வாயில்,
என் வாயில்
அந்தச் சொல் காப்பிலி.

'கறுப்பு' என்றேன்.
பொய்யில்லை.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும்
அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜெனெபா அந்தச் சொல்லை
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்,
'று' அவளுக்கு வரவில்லை.

கிஸ்லேன் என் முகத்தையே பார்த்தாள்.
இன்னொரு சொல் இருக்கிறதென்று
அவளுக்குத் தெரிந்துவிட்டது.
மீனாட்சியின் பக்கம் எங்கோ
அதைக் கேட்டிருக்க வேண்டும் அவள் வீடு.

விரிப்பின் தன் முனையை
என்னிடம் தராமல்
வைத்துக்கொண்டு நின்றாள்.