ஆளணி

கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் நான்.
ஆஸ்பத்திரி மேல்மாடி. ஒரு காற்றாடி ஓடியது, மற்றது ஓடவில்லை.
யன்னலுக்குக் கீழே
யாரோ போட்ட வாழைப்பழத் தோலுக்கு
இரண்டு மான்கள் தலையால் தள்ளுப்பட்டன.

நோயாளரையும் கூப்பிடச் சொல்லிச்
சுற்றறிக்கை வந்தபின் முதல் கூட்டம்.
பணிப்பாளர், மூன்று வைத்தியர்,
மேற்பார்வைத் தாதி, கணக்காளர்.
கதவோரக் கதிரையில்
சம்பூர்த் தவச்செல்வி,
பித்தப்பை எடுத்து ஆறு கிழமை.
மடியில் கைப்பை. முன்னால் தொடாத விசுக்கோத்து.

ஸ்கேன் மெசின், புதுக் கட்டடம், நிதி என்று
ஒரு மணித்தியாலம் போனது.
"அம்மா ஏதும் சொல்லுறீங்களோ?"
எழும்பினார்.
"ஒரு ஆணி வேணும் ஐயா.

ஏழாம் விடுதிக் கழிவறைச் சுவரில.
ஒரு கையில ஊசி, மற்றக் கையில சேலைன்.
பிறகு எந்தக் கையால உடுப்பை உயர்த்திறது?
நான் அந்தப் போத்தல் வளையத்தைப்
பல்லால கடிச்சுக்கொண்டு இருந்தனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை.
கணக்காளர் பேனா மூடியைத் திறந்து மூடினார்.
இருபத்தாறு வருடச் சேவை மேற்பார்வைத் தாதி
மேசையையே பார்த்தார்.

அன்றிரவு தட்டச்சினேன்.
தூக்கமோ, கைப்பழக்கமோ,
"ஆளணி ஒன்று தேவை" என்று விழுந்தது.
கையொப்பமாகி மேலே போனது.
மூன்று மாதத்தில் பதில்:
புதிய ஆளணிக்கு இவ்வருடம் அனுமதியில்லை.

அடுத்த கூட்டத்தில் அவர் கேட்டார்:
"நான் சொன்னதை என்னெண்டு எழுதினீங்கள்?
ஒருக்காக் காட்டுங்கோ."
இத்தனை வருடத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை.
வாசித்தார். என் பேனாவை வாங்கி
ளகரத்தை வெட்டினார்.

பின்னேரமே அலியார் சுத்தியலோடு வந்தான்.
ஆறடி ஆள்; தன் உயரத்துக்கு அடிக்கப் போனான்.
தவச்செல்வி உள்ளே போய் இருந்து,
இல்லாத போத்தலைத் தூக்கிப் பிடித்து,
"இங்க" என்றார்.
மேற்பார்வைத் தாதி பென்சிலால் புள்ளி வைத்தார்.

இப்போது அனுப்புமுன்
தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறேன்.
பின்னால் கோழி கத்தும்.
"பொறுங்கோ, நான் அப்படிச் சொல்லேல்ல" என்பார்.
அழித்து எழுதுவேன்.

நேற்று விடுதிக்குப் போனேன்.
ஆணியில் யாருடையதோ குடை.

புதுக் கோரிக்கை மேசையில் கிடக்கிறது:
கிளினிக் நம்பர் ஐந்தரைக்கே முடிகிறது,
சம்பூரின் முதல் பஸ் வருவது ஏழேகாலுக்கு.
இதற்கு எந்த எழுத்தை வெட்டுவதென்று
இன்னும் தெரியவில்லை.