பின்னணி கழிக்கப்பட்டது

ஷதாதியாவில் ஜூலை.
இரவு ஒன்றரைக்கும் நாற்பது டிகிரி.
கார்க் கதவின் பிடி இன்னும் சுடுகிறது.

உள்ளே, என் சுண்டுவிரல் நகத்தில் பாதி
காலியம் ஆர்செனைடு.
அதன்மேல் பல்லோடு பல் கோத்த
இரண்டு தங்கச் சீப்புகள்.
மின்சாரம் கொடுத்தால் படிகம் சிலிர்க்கும்,
நொடிக்கு நூறு கோடி முறை.
காதுக்கு எட்டாத ஒலி
மேற்பரப்பை ஒட்டியே தவழ்ந்து போகும்.
அலையின் உயரம் ஓர் அணுகூட இல்லை.
அதற்குப் போய் வளைந்து கொடுக்கிறது வெளிச்சம்.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்தான்.
அகச்சிவப்பு, பத்து மைக்ரான்.
அடுக்கடுக்காய் வளர்த்த கிணறுகளில்
எலக்ட்ரான் ஒரு படி ஏற விழுங்கும் நிறம்.
ஒலி வந்தால் கிணறு நெளியும்,
நிறம் மயிரிழை நகரும்.
அந்த மயிரிழைக்குப் பதினான்கு மாதம்.

பகலில் ஆகாது.
மாடியில் ஏசி எந்திரங்களின் உறுமலில்
மேசையே நடுங்கும்.
கேட்கிற சத்தம் எங்களுக்கு எதற்கும் உதவாது.

இன்று கோடு திடீரென்று மேலே போனது.
ஒலியை நிறுத்தினேன். இறங்கவில்லை.
லேசரை மறைத்தேன். இறங்கவில்லை.
நைட்ரஜன் தீர்ந்ததோ என்று பார்த்தால்
குடுவை தளும்புகிறது.
திரும்பினேன்.
திறந்து கிடந்த பெட்டிக்கு அந்தப் பக்கம்
ஓபுலேசு,
மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஏசிக் காற்று விழும் இடமாய்ப் பார்த்து நிற்கிறார்.
கடப்பாக்காரர். பகலில் வேறொரு வேலை,
எங்கே என்று சொன்னதில்லை.
கழுத்தில் வெயில் மிச்சமிருந்தது.

"நகரணுமா மேடம்?"
நகர்ந்தார். கோடு இறங்கியது.
ரெண்டு அடி வாங்க என்றேன். ஏறியது.
கையை நீட்டி ஐந்து விரலையும் விரித்தார்,
துள்ளியது.
"இது நானா?"
நீங்கதான். உடம்பு விடும் வெளிச்சமும்
ஏறக்குறைய அதே பத்து மைக்ரான்.
சீப்பு வேண்டாம், படிகம் வேண்டாம்,
சும்மா நின்றால் போதும்.
"சம்பளம் ஏறல, இதாவது ஏறுதே" என்று
சிரித்தார். நானும்,
கொஞ்சம் தாமதமாக.

பெட்டியை மூடி மறுபடி அளந்தேன்.
மூன்றேகாலுக்கு மயிரிழை கிடைத்தது.
யாரையும் எழுப்பிச் சொல்லவில்லை.
கீழே ஜிலீப் பஸ் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

கட்டுரையில் ஒரு வரி வரும்,
எல்லோரும் எழுதுகிற வரி:
பின்னணி கழிக்கப்பட்டது.
நானும் எழுதினேன். எழுதத்தான் வேண்டும்.

முதல் ஓட்டத்தின் கோப்பை மட்டும்
அழிக்கவில்லை.
பெயர் கேட்டது கணினி.
ஓபுலேசு, ஐந்து விரல்.