அட்வான்ஸ்

மடிப்பாக்கம், இரண்டாம் மாடி.
ஏழு வருஷத்து போர் தண்ணீர்
குளியலறைச் சுவரெல்லாம்
வெள்ளை வெள்ளையாய் ஏறியிருக்கிறது.
குழாய்க்கு ஒரு தாடி.
வாளிக்குள் வளையம் வளையமாக
யார் எவ்வளவு மொண்டோம் என்ற கணக்கு.

கறை போகலைன்னா அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன்
என்றிருக்கிறார் தேவசகாயம்.

மூன்று சக்கர வண்டியில்
தெருமுனை திரும்புகிறது குரல்:
ஆசீட்… பினாயில்…
பழைய சோடா பாட்டிலில்
அறுபது ரூபாய்க்குப் புகைகிறது.
கையுறை இருக்கா என்றேன். சிரித்தார்.
அவர் விரல்நுனிகளில் ரேகை இல்லை.

ஊற்றினேன்.
சுவர் சீறியது.
எண்ணெயில் வடை விழுந்த சத்தம், நுரை,
நுரைக்குள்ளிருந்து ஒரு மூச்சு.
அழகுக்குச் சொல்லவில்லை:
நாம் வெளியே விடும் அதே வாயுதான்
அத்தனை நாளும் அந்தப் படிவுக்குள் கிடந்தது.
மிச்சம் உப்பாகக் கரைந்து
சல்லடை வழியே இறங்கிப் போனது.

பகலெல்லாம் எனக்கு இதுதான் உத்தியோகம்.
ஊர்ப்பட்ட தண்ணீரில் சுண்ணம் எண்ணுவது.
ஒயின் சிவப்பு நீலமாகும்
அந்த ஒற்றைச் சொட்டில் நிறுத்தவேண்டும்.
நிறுத்தத் தெரிந்த கை என்பார்கள் லேபில்.

வீட்டில் வழிந்துவிட்டது.
கதவு தாண்டி, ஹால் மார்பிளில் ஒரு கோடு.
அதுவும் சீறியது,
அதே சத்தம்.
எது கறை எது தரை என்று
அமிலத்துக்கு யார் சொல்வது?

பக்கத்தில் ஏற்கெனவே ஒரு தழும்பு உண்டு.
புயல் வந்த டிசம்பரில்
இன்வெர்ட்டர் பேட்டரி சாய்ந்து கொட்டியது,
கந்தக அமிலம்.
அது கொஞ்சம்தான் கொதித்தது.
தான் உண்டாக்கிய ஜிப்சமே மேலே படிந்து
மேற்கொண்டு அரிக்க வழியில்லாமல்
அடங்கிவிட்டது.
எங்கள் சண்டைகளும் முன்பு அந்த ரகம்.
பாய் போட்டு மூடிவிட்டு
காபி போடப் போய்விடுவோம்.

கீழே லாரி இரண்டு நிற்கிறது.
ஒன்று கொளத்தூருக்கு,
இன்னொன்று பல்லாவரத்துக்கு.
பீரோ எதில் ஏறும் என்று
மேஸ்திரி மூன்றாவது முறையாகக் கேட்கிறார்.

தேவசகாயம் குனிந்து
பளபளப்பு போன இடத்தை
பெருவிரலால் தேய்த்துப் பார்க்கிறார்.
எவ்வளவு வேணா பிடிச்சுக்குங்க சார்.
மீதியை மட்டும்
ரெண்டு செக்கா குடுத்துடுங்க.

அவர் ஒன்றும் சொல்லாமல் போய்
குழாயைத் திறந்துவிட்டார்.
அதே தண்ணீர்.