மூன்று மில்லிமீட்டர்

உலான்பாத்தரில் மைனஸ் இருபத்தெட்டு.
கன்டெய்னர் கடையில் நியாம்தாஷ்
கையுறையைக் கழற்றாமலே
நான்கு ட்யூப்களை எடுத்துப் போடுகிறான்.

சிவப்பை எடு, எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள்,
முந்நூற்று நாற்பது டிகிரி தாங்கும்.
ஆயில் தட்டு அந்தச் சூட்டுக்குப் போனால்
அப்புறம் தாங்க என்ன இருக்கும் என்றேன்.
சிரித்தான். வாயிலிருந்து வந்தது
புகையா மூச்சா தெரியவில்லை.

நீலம் மலிவு. தண்ணீர்ப் பக்கம் நன்றாக உழைக்கும்.
சூடான எண்ணெயில் ஒரு வருடம் கிடந்தால்
ஊறிய ரொட்டியாக நொய்ந்துவிடும்.
மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன்: வினிகர்.
அந்த வாடை ஆக்சிஜன் சென்சாருக்கு ஆகாது.

சாம்பல் நிறத்தது கெட்டி,
அலுமினியத்தின் மேல் அலுமினியம்
அசையாமல் உட்காரும் இடத்துக்கு.
என்னுடையது தகரத் தட்டு. நெளியும்.
அது நெளியும்போது கூடவே நெளிய வேண்டும்.

ஜெல் ஒன்று உண்டு, காற்றுப் படாமல் இறுகுவது.
கடைந்தெடுத்த இரண்டு முகங்கள்
மயிரிழை இடைவெளியில் சந்திக்க வேண்டும் அதற்கு.
இந்தத் தட்டின் விளிம்பை யாரோ ஒருமுறை
ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியிருக்கிறார்கள்.

யாரோ.

நேற்று தம்தினின் பிரியஸைத் தூக்கித் தட்டை இறக்கினேன்.
ஆயில் லைட் மினுங்குகிறது, பம்ப் போய்விட்டதா,
பம்ப் என்ன விலை, பழையது கிடைக்குமா
என்று காலருகே நின்று கேட்டுக்கொண்டே இருந்தான்.
பம்ப்புக்கு ஒன்றுமில்லை.
அது உறிஞ்சும் வலையின் வாயில்
சிவப்புப் புழுக்கள். ஏழு.
உள்பக்கம் பிதுங்கிய சிலிக்கான்
அறுந்து, எண்ணெயோடு ஊர் சுற்றி
வந்து சேர்ந்த இடம்.

எந்த மடையன் இப்படி அப்பி வைத்தான் என்றான் தம்தின்.
அவன் இந்தக் காரை வாங்கி எட்டு மாதம்தான்.

தட்டின் மூலையில், கடைசி போல்ட்டருகே
கோடு முடிகிற இடத்தில் ஒரு சின்ன வால்,
இடப்பக்கம் சுழித்து.
நான் இடக்கைக்காரி.
ட்யூபைத் தூக்கும்போது அப்படித்தான் சுழியும்.
கைநாட்டு.

என் முதல் குளிர்காலம். நாளைக்கு ஆறு வண்டி.
ஒழுகினால் பெயர் கெட்டுவிடும் என்று
விரல் தடிமனுக்கு வைத்தேன்.
ஒழுகவில்லை. ஒரு சொட்டும்.
அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன்.

கறுப்பு, என்றேன்.
விலை சொன்னான்.
நான் பேரம் பேசாததில்
நியாம்தாஷுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பழையதைப் பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டினேன்,
கீறாமல், அரை நாள்.
கரைப்பான் நனைத்த துணியால் துடைத்தேன்.
பிசுக்கு துளி இருந்தாலும்
எந்த ட்யூபுக்கும் எந்த இரும்புக்கும்
ஒட்டும் இல்லை உறவும் இல்லை.
நுனியை மூன்று மில்லிமீட்டருக்கு வெட்டி
துளைகளுக்கு உள்பக்கமாக ஒரே கோடு.
வால் முளைக்கும் இடத்தில் கை தானாகச் சுழித்தது.
நிறுத்தி, அதைத் துடைத்துவிட்டு,
அந்த மூலையை மறுபடி போட்டேன்.

அடுப்பில் கெட்டிலை வைத்ததும்
தம்தின் கோப்பையைத் தேடினான்.
உனக்கில்லை, தட்டுக்கு.
ஈரம் குடித்துத்தான் இது இறுகும்,
இந்த ஊர்க் காற்று எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது.

இன்றிரவே தர்கானுக்குப் போகணும்.
நாளை.
வேகமாகப் போகமாட்டேன்.
நாளை.

ட்யூபின் காசை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
மிச்ச நோட்டுகளை நீட்டியபடி நிற்கிறான்,
கூலியை மறந்துவிட்டாய் என்கிறான்.
மறக்கவில்லை.
தீப்பெட்டியைத் திறந்து ஏழையும் காட்டினேன்.
நீ கேட்டாயே, எந்த மடையன் என்று,
சொல்லி முடிக்க வரவில்லை.
இடக்கையைத் தூக்கினேன்,
வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் தூக்குவதுபோல்.

ஜன்னல் முழுக்க ஆவி.
தம்தின் ஒரு புழுவை எடுத்து
இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தான்.
இன்னும் நன்றாகத்தான் இழுபடுகிறது என்றான்.
நோட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்தான்.

அப்படியென்றால் டீயாவது போடு.