உப்பேறிய கட்டை

பிரிவினைப் பட்டியலில் பதினேழாவது வரி:
துப்பாக்கி, மேல்கீழ் இரட்டைக்குழல், எண்ணிக்கை இரண்டு.
வக்கீலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒன்று பெல்ஜியத்துக்காரி. அறுபத்தெட்டில் செய்தது.
வால்நட் கட்டையில் கன்னம் வைத்தால்
அதுவும் கன்னம் வைக்கும்.
சாம்பல் இரும்பில் எவனோ உளிபிடித்து
நாணலிலிருந்து இரண்டு வாத்துகளை எழுப்பியிருக்கிறான்.
இன்னும் எழுந்துகொண்டே இருக்கின்றன.
மூடினால் சத்தமில்லை, ஒரு பெருமூச்சு.
திறக்கும் நெம்பு இன்றும் வலப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது.
தேயத் தேயத்தான் அது நடுவுக்கு வரும்.
இவள் தேயவில்லை.

மற்றது ருஷ்யன்.
ஆர்போர்க் இரும்புக் கடையில்
முள்கம்பிச் சுருள் இரண்டு, ஆணி ஒரு பெட்டி, இது,
எல்லாம் ஒரே ரசீதில் வாங்கினான் ஒரெஸ்ட்.
பீச் மரத்துக்குப் படகு வார்னிஷ்.
விசையை இழுப்பது
பனியில் உறைந்த கேட்டை இழுப்பது போல.
நெம்பு எப்போதோ நடுவுக்கு வந்துவிட்டது,
அதற்கு மேல் போக மாட்டேன் என்று நின்றுவிட்டது.
ஒருமுறை வின்னிபெக் ஏரியில் விழுந்து
ஓர் இரவெல்லாம் அடியில் கிடந்தது.
காலையில் எடுத்தோம்.
சேற்றை வழித்தோம், எண்ணெய் விட்டோம்.
மத்தியானம் வாத்து சமைத்தேன்.

நான் எதைக் கேட்டிருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா.
அவனும் அதையே கேட்டான்.
டாலர் நாணயத்தைச் சுண்டினான்,
புறங்கையில் அறைந்து மூடினான்,
விரலைக் கொஞ்சம் தூக்கித் தான் மட்டும் பார்த்தான்.
"பறவை. உனக்குத்தான், வால்டினா."
ஜெயித்தவள் யாராவது
காட்டு பார்ப்போம் என்பாளா?

வசந்தத்தில், கட்டை சேருமிடத்தில்
மயிரிழைத் தடிமனில் ஒரு பழுப்புக் கோடு.
அர்மாண்ட் தேஜார்லேயிடம் கொண்டுபோனேன்.
பின்முனை ரப்பரைக் கழற்றினான்,
மரத்தைக் கொஞ்சம் சுரண்டி
வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டான்.
பால் போல வெளுத்தது.

"உப்பு," என்றான்.
அந்தக் காலத்தில் மரத்தைச் சீக்கிரம் உலர்த்த
உப்பில் புதைத்தார்களாம்.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும்?
மரம் காற்றிலிருந்து குடிக்கிறது,
குடித்ததை இரும்புக்கும் ஊட்டுகிறது.
வெளியே வாத்துகள்.
உள்ளே, யாரும் பார்க்காத பக்கத்தில்,
துரு.

பிறகு அர்மாண்ட் திருகாணியைத் தூக்கிக் காட்டினான்.
அதன் வாய் மழுங்கிப்போயிருந்தது.
"இருபது முறையாவது திறந்திருக்கிறார்கள்.
உள்ளே பார், மெழுகு.
எவனோ வருடா வருடம் துடைத்து, பூசி, மூடி
வைத்திருக்கிறான்.
இல்லையென்றால் எப்போதோ செத்திருக்கும்."

எவனோ.
ஏப்ரல் மாதத்து ஞாயிறுகளில்
கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு
ரேடியோவில் ஹாக்கி கேட்பதாகச் சொன்னவன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன்.
தெரிந்தேதான் தள்ளிவிட்டானா?
தெரிந்தேதான் கொடுத்தானா?
நாணயத்தில் விழுந்தது பறவைதானா?
ஒரு குழல் முதலில் வெடிக்கும்,
ஒன்று காத்திருக்கும்.
நாங்கள் இருவருமே
முதல் குழலாக இருந்தோம்.

புதுக் கட்டைக்கு அர்மாண்ட் சொன்ன விலையில்
ருஷ்யன் நாலு வாங்கலாம்.
வேண்டாம் என்றேன்.
மெழுகு டப்பா பதினோரு டாலர்.

செப்டம்பர். நாணல் விளிம்பில் முதல் வெளிச்சம்.
பெல்ஜியத்துக்காரி தோளில் வந்து உட்காருகிறாள்,
தன்னைப் பற்றி ஒன்றுமே தெரியாத அழகி.
வாத்துகள் வரவில்லை.
சதுப்பின் அக்கரையில் எங்கோ
டிராக்டர் கதவு ஒன்று சாத்தும் சத்தம்.
அங்கே பாதை கிடையாது,
டிராக்டர் போகாது.

குழலை மடித்து இரண்டு தோட்டாவையும் எடுத்தேன்.
திரும்பப் போட்டேன்.