மேல் பிரதி

முந்நூறு பிரதி.
கோவையில் அச்சடித்து, மேட்டுப்பாளையம் பஸ்ஸில்
கடைசி சீட்டுக்கடியில் திணித்துக் கொண்டுவந்தேன்.
லக்கேஜ் டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர்
"உள்ளே என்ன, மிளகா?" என்றார்.
கதை என்றேன்.
கதைக்கு எவ்வளவு போடுவதென்று யோசித்து
மிளகுக்கே போட்டார்.

இலைக் கிடங்கில் எடை எழுதுவது என் பிழைப்பு.
மழை நாளில் மூட்டைக்கு இரண்டு கிலோ
ஈரத்துக்கென்று கழிப்போம்.
புத்தகத்தின் பெயரும் அதுதான், ஈரக் கழிவு.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம். விலை நூற்றெண்பது.

ஜூலையில்
கட்டிலுக்கடியில் பெட்டிகள் மூடுபனி குடித்து
அட்டைகள் அப்பளமாய் நெளிந்தன.
சவரிநாதன் கோழிக்குஞ்சுக்குப் போடும் பல்பை
பெட்டிக்குள் எரியவிட்டார்.
"பொரிக்குதான்னு பார்ப்போம்."

எனக்கு விற்கத் தெரியாது.
டானிங்டனில் ஒருவர்
தைல பாட்டிலுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே
மூன்று நாள் வைத்துப் பார்த்தார்.
ரூட் மேப்பா என்று புரட்டியவர்கள்
தைலம் வாங்கிக்கொண்டு போனார்கள்.
மானேஜர் ஒன்று வாங்கி
தன் பெயர் வருகிறதா என்று முதலில் தேடினார்.
இல்லாததில் நிம்மதியா வருத்தமா,
முகத்தில் தெரியவில்லை.
அக்கா மகள் கல்யாணத்தில்
மொய்க்குப் பதில் ஐந்து பிரதி வைத்தேன்.
அதை இன்னும் யாரும் மன்னிக்கவில்லை.

அரவேணு பஸ் ஸ்டாப்பில் ரவூஃப் பாயின் பேக்கரி.
வர்க்கி டின்னுக்குப் பக்கத்தில் நான்கு பிரதி.
விற்றால் நூற்றுக்கு இருபது அவருக்கு.
சனிக்கிழமைதோறும் போய் எண்ணுவேன்.
நான்கு.
நான்கு.
மூன்றாம் சனி, மேல் பிரதியில்
இருபத்துமூன்றாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்.
அடுத்த சனி முப்பத்தெட்டில். பிறகு ஐம்பதில்.
ஓரத்தில் வர்க்கி நெய்யில் ஒரு கட்டை விரல்.
"யாரு பாய்?"
"கூட்டத்துல யாரைப் பார்க்க?
ஆறேகால் பஸ்ஸுக்கு நிக்கிற யாரோ."

விற்பனை என்று எழுதிய பத்திக்குப் பக்கத்தில்
பென்சிலால் இன்னொரு கோடு இழுத்தேன்.
அந்தப் பத்திக்குத் தலைப்பு தோன்றவில்லை.

அறுபத்தொன்றில் டிக்கெட் நின்றுவிட்டது.
இரண்டு வாரம். மூன்று.
அங்கேயே நின்று அந்தப் பக்கத்தைப் படித்தேன்.
தராசைப் பற்றி ஒன்றரைப் பக்கம் அளந்திருக்கிறேன்.
எனக்கே கொட்டாவி வந்தது.
அன்றிரவு பதினொரு வரியை அடித்தேன்,
வரப்போகாத இரண்டாம் பதிப்புக்காக.

பிறகு, அறுபத்தேழு!
அன்று பாய்க்கு அவர் கடையிலேயே
நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.
அதற்கடுத்த சனி எழுபத்தொன்பது.

நேற்று பாய் கல்லாவைத் திறந்து
நூற்று நாற்பத்துநான்கு ரூபாயை
கோப்பையை நீட்டுவதுபோல் நீட்டினார்.
"பெங்களூர் கார். தமிழ் படிக்கிற அம்மா.
மேல இருந்ததையே எடுத்துட்டாங்க."
கல்லா மேல் மடிந்த டிக்கெட்.
"இது உள்ளேருந்து விழுந்துச்சு."
எந்தப் பக்கத்திலிருந்து?
பாய்க்கு அதெல்லாம் தெரியாது.

பணத்தை எண்ணாமல் பையில் போட்டேன்.
மிச்சம் மூன்றில் மேலிருந்ததை எடுத்து
குத்துமதிப்பாய்த் தொண்ணூறில் செருகினேன்.
மனசு கேட்கவில்லை. எண்பத்தாறுக்கு மாற்றினேன்.
படித்ததை மறுபடி படித்தால் போகிறது,
படிக்காததைத் தாண்டிவிடக் கூடாது.

வளைவில் ஆறேகால் பஸ்ஸின் ஹாரன்.
ஒவ்வொருவராய் உள்ளே வந்தார்கள்.
வர்க்கி வாங்க வந்தவள்போல்
நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.